கதவடைத்தால் கொடுங்கோல் வீழுமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு உலக நடப்பைப் பற்றியும் சிறிது சிந்திப்போம் என்று நண்பர்கள் விரும்பினார்கள். ஆதலின், நாளிதழில் நாம் அடிக்கடி காணும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். ஒரு நாட்டின் அரசு தன் குடிகளையே ஒடுக்குகிறது. அல்லது அண்டை நாட்டின்மேல் பாய்கிறது. படையெடுத்துச் சென்று அதனைத் திருத்தப் பிற நாடுகளுக்கு விருப்பமில்லை. கண்டும் காணாதிருக்க மனச்சான்று இடந்தரவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக, ‘உன்னிடம் வாங்கவும் மாட்டோம், உனக்கு விற்கவும் மாட்டோம், கடன் தரவும் மாட்டோம்’ என்று அறிவிக்கிறார்கள். இதுவே பொருளாதாரத் தடை. இவ்வாறு கதவடைத்தால் கொடுங்கோல் வீழுமா என்பதே நம் கேள்வி.

இம்முறை புதியதன்று. கிறித்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, ஏதென்சு நகரத்தார் மெகாரா நகரத்து வணிகரைத் தம் துறைமுகங்களிலும் சந்தையிலும் நுழையவொட்டாமல் தடுத்தனர். நம் முன்னோரும் இதன் இயல்பை அறிந்திருந்தனர். பகைவர் மதிலை முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருப்போர் அதனைக் காப்பதை நொச்சி என்றும் வகுத்தனர் அன்றோ? சோழன் நலங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை முற்றியிருந்தபோது, உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர் கிழார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. கோட்டைக்குள் யானைகள் உணவும் நீராட்டும் இன்றிப் பிளிறுகின்றன, குழந்தைகள் பாலின்றி அழுகின்றன, மகளிர் பூவின்றி வெறுந்தலை முடிக்கின்றனர், வீடுகளில் நீரில்லை. இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, அறத்தை எண்ணிக் கதவைத் திறந்து கொடு, அல்லது மறத்தை எண்ணிப் போருக்குத் திற, இரண்டுமின்றி உள்ளே ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது என்று புலவர் இடித்துரைக்கிறார்.

ஈண்டு நாம் கருதவேண்டியவை இரண்டு. முற்றுகையின் துன்பம் முதலில் பால்குடிக்கும் குழந்தையைச் சென்றடைகிறது. அரசனை அது கடைசியில்தான் அடைகிறது. இது ஒன்று. அரசனுக்கு நாணம் இருக்கும் என்று நம்பியே புலவர் பேசுகிறார் என்பது மற்றொன்று. நாணமில்லாத அரசனிடம் குழந்தையின் அழுகை என்ன செய்யும்? இக்காலப் பொருளாதாரத் தடைகளின் வெற்றியும் தோல்வியும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

நம் நாட்டுக்கும், சிறப்பாகத் தமிழருக்கும், இவ்வரலாற்றில் இடமுண்டு. 1860 நவம்பர் 16 ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அம்மக்களின் வழித்தோன்றல்களே தென்னாப்பிரிக்கத் தமிழர். 1913 ஆம் ஆண்டு காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சிறை சென்று, அதனால் நலிந்து 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நம் பிள்ளைகள் பாடநூலில் படித்திருப்பார்கள். அம்மண்ணில் 1946 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆசியர் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று அது வரையறுத்தது. ‘கெட்டோ சட்டம்’ என்று மக்கள் அதனை வெறுப்புடன் அழைத்தனர். டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ ஆகியோர் தலைமையில் அவ்வாண்டு ஜூன் மாதம் சாத்துவிக எதிர்ப்புத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை புகுந்தனர்.

அப்போது இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் செய்திருந்த வணிக ஒப்பந்தத்தை முறித்தது; தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது; 1946 ஜூலையில் அந்நாட்டோடு எல்லா வாணிகத்தையும் தடை செய்தது. உலகில் முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவின்மேல் தடை விதித்த நாடு நம் நாடே. நாம் இன்னும் விடுதலை பெறாத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அன்று நம் ஏற்றுமதியில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்குச் சற்று மேல் அந்நாட்டிற்குச் சென்றுகொண்டிருந்தது. வங்கத்துச் சணலும் கோணியும் அதில் முதன்மையானவை. வறிய நாடாயிருந்தும் அந்த வருவாயை விடத் துணிந்தோம். இத்தடையை அங்குள்ள இந்தியரின் பேராயமே வேண்டிக் கேட்டது. தாயகத்துச் சரக்கை விற்றுப் பிழைத்த அவ்வூர் இந்திய வணிகருக்கும் அதனால் இழப்புண்டு என்பதை அறிந்தே கேட்டது.

விளைவு என்ன? சட்டம் நீங்கவில்லை. 1948 ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, இன ஒதுக்கலையே அரசின் கொள்கையாக்கிற்று. 1950 ஆம் ஆண்டு வந்த குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் முன்னதினும் கொடியது. ஆக, தடை விதித்த நான்கே ஆண்டுகளில் நிலைமை மேலும் கெட்டது. 1950 இல் ஒருவர் எழுந்து, ‘உங்கள் தடையால் விளைந்த பயன் யாது?’ என்று கேட்டிருந்தால் நாம் விடையின்றி நின்றிருப்போம்.

ஏன் அவ்வாறாயிற்று? நாம் ஒரு கதவை அடைத்தோம். பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளின் கதவுகள் திறந்தே கிடந்தன. 1960 மார்ச் 21 ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்தில் போலீசார் சுட்டு 69 பேர் மாண்டனர். உலகம் கண்டித்தது. ஆயினும், அந்தப் பத்தாண்டுகளில் அயல்நாட்டு முதல் அங்கே பெருகிற்று. பொருளாதாரம் விரைந்து வளர்ந்தது. நிறத்தை வைத்தே மனிதரைத் தரம் பிரித்த அவ்வரசு, வாணிகத்தை முன்னிட்டு ஜப்பானியருக்குக் ‘கௌரவ வெள்ளையர்’ என்னும் தகுதியையே வழங்கியது. இலாபம் கிடைக்குமாயின் கொள்கையும் சற்று வளைந்து கொடுக்கும் போலும்!

பல நாடுகள் ஒன்றுசேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இத்தாலியின் கதை சான்று. 1935 அக்டோபரில் முசோலினியின் படைகள் அபிசீனியாவிற்குள் நுழைந்தன. சர்வதேச சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது நாடுகள் நவம்பர் மாதம் முதல் தடை விதித்தன. இத்தாலியின் சரக்கை வாங்குவதில்லை, ஆயுதமும் கடனும் தருவதில்லை என்றார்கள். ஆனால் எண்ணெயையும் நிலக்கரியையும் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயை மூடவில்லை. இத்தாலியப் படைக்கப்பல்கள் அதன் வழியே சென்றுகொண்டிருந்தன. டாங்கியையும் விமானத்தையும் ஓட்டும் பொருளை விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுத்தால் போர் நிற்குமா? 1936 மே 5 ஆம் நாள் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூலையில் தடையும் நீக்கப்பட்டது. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. தடையைக் காட்டி முசோலினி தன் மக்களின் தன்மான உணர்ச்சியைத் தூண்டினான். 1935 டிசம்பரில் இத்தாலியப் பெண்மணிகள், அரசியார் உட்பட, தம் திருமண மோதிரத்தைக் கழற்றி அரசுக்கு அளித்தனர். ஆட்சியைத் தளர்த்த வந்த தடை ஆட்சிக்கு முட்டுக் கொடுத்தது!

அண்டை வீட்டுக்காரரின் பின்கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை ரொடீசியா காட்டிற்று. சிறுபான்மை வெள்ளையர் அரசு 1965 நவம்பரில் தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. மாதக்கணக்கில் அன்று, வாரக்கணக்கிலேயே இது முடிந்துவிடும் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் கருதினார். ஐக்கிய நாடுகள் சபையும் 1966 இல் ஒரு பகுதியும் 1968 இல் முழுமையுமாகத் தடை விதித்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவும், போர்ச்சுகல்லின் ஆளுகையிலிருந்த மொசாம்பிக்கும் சரக்கைக் கடத்திக் கொடுத்தன. 1971 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமன்றமே ரொடீசியக் குரோமியத்தை வாங்க வழிசெய்தது. மொசாம்பிக் விடுதலை பெற்று 1976 இல் எல்லையை மூடிய பின்னரே நெருக்கடி முற்றியது. உள்ளே நடந்த ஆயுதப் போராட்டத்தின் முடிவில்தான் 1980 இல் ஜிம்பாப்வே பிறந்தது. வாரக்கணக்கு என்றது பதினான்கு ஆண்டுகளாயிற்று.

இனி, மீண்டும் தென்னாப்பிரிக்காவிற்கு வருவோம். 1959 ஆம் ஆண்டு ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுதூலி, எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று உலகை வேண்டினார். அந்த வேண்டுகோள் மெல்ல மெல்லப் பரவியது. 1977 இல் ஐக்கிய நாடுகள் சபை ஆயுத விற்பனையைக் கட்டாயமாகத் தடை செய்தது. தென்னாப்பிரிக்க அரசு அதற்கும் மாற்று வழி தேடியது. தன் ஆயுதங்களைத் தானே செய்யத் தொடங்கியது. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுத்தது. வேண்டிய மற்ற எண்ணெயை மறைமுகமாக மிகுந்த விலை கொடுத்து வாங்கியது. தடை உள்நாட்டுத் தொழிலை வளர்த்தது என்றுகூட அக்காலத்தில் பெருமை பேசினர். ஆயினும் அந்தப் பெருமைக்குச் செலவு மிகுதி. நாட்டின் செல்வம் சிறிது சிறிதாக அதிற் கரைந்தது.

இறுதியில் அவ்வரசைத் தொட்டது கடன். 1984 முதல் கறுப்பர் குடியிருப்புகளில் கிளர்ச்சி ஓயாது எழுந்தது. 1985 ஜூலையில் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அவ்வேளையில் அமெரிக்காவின் சேஸ் மான்ஹாட்டன் வங்கி, குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க இயலாது என்று மறுத்துவிட்டது. பிற வங்கிகளும் அவ்வழியே சென்றன. அதிபர் போத்தா ஆகஸ்டு 15 ஆம் நாள் டர்பன் நகரில் பேசியபோது பெரிய சீர்திருத்தத்தை அறிவிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். ராண்ட் நாணயம் சரிந்தது. செப்டம்பர் முதல் நாள், ஏறத்தாழ 1,400 கோடி டாலர் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. இரண்டு வாரம் கழியவில்லை. நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களின் வெள்ளைத் தலைவர்கள் ஜாம்பியாவிற்குப் பறந்து சென்று, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவர்களோடு அமர்ந்து பேசினார்கள். இவ்வரசை நம்பிப் பயனில்லை என்பதை அவர்தம் கணக்கேடு அவர்களுக்கு உணர்த்தியது. கோவூர் கிழாரின் சொற்களில் சொல்வதானால், குழந்தையின் அழுகை திறக்காத கதவைக் கருவூலத்தின் வெறுமை திறக்கத் தொடங்கிற்று.

வங்கிகள் அறத்தை எண்ணிச் செய்தன என்று நாம் கூறவில்லை. போட்ட பணம் திரும்பாது என்று அஞ்சின. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் தெருவில் நின்ற மக்கள். வெளிநாடுகளிலும் எளிய மக்கள் தம்மளவில் விலை கொடுத்தார்கள். 1984 இல் டப்ளின் நகரத்துக் கடையொன்றில் பணிபுரிந்த இளம் பெண் ஒருத்தி, தென்னாப்பிரிக்கப் பழத்தை விற்க மறுத்து வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டாள். உடன் பணிபுரிந்தோர் அவள் பக்கம் நின்று, ஏறத்தாழ மூன்றாண்டுகள் வேலை நிறுத்தம் செய்தனர். 1987 இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறிகளின் இறக்குமதியையே தடை செய்தது. அமெரிக்காவில் அதிபர் ரீகன் மறுத்தபோதும், 1986 அக்டோபரில் சட்டமன்றம் அம்மறுப்பை மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

நம் நாட்டிலும் மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில், தென்னாப்பிரிக்கா செல்வதற்கு இது செல்லாது என்று பொறித்திருந்த காலம் ஒன்றுண்டு. 1974 ஆம் ஆண்டு சென்னைச் சகோதரர்கள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் ஆகியோர் இருந்த இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆடுவதில்லை என்று இந்தியா முடிவு செய்தது; கோப்பை ஆட்டமின்றியே அவர்களிடம் சென்றது. அக்கோப்பை இன்றுவரை நமக்குக் கிட்டியதில்லை. இளமையின் உச்சியிலிருந்த ஆட்டக்காரர்களுக்கு அது எளிய இழப்பன்று.

1990 பிப்ரவரி 2 ஆம் நாள் அதிபர் டி கிளார்க் தடைசெய்யப்பட்ட இயக்கங்களை அனுமதித்தார். பிப்ரவரி 11 ஆம் நாள் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தார். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். இதனைத் தடை ஒன்றே செய்தது என்றால் அது மிகைக் கூற்றாகும். தொழிற்சங்கங்களின் உறுதி, நமீபியா, அங்கோலா பகுதிகளில் நடந்த போரின் சுமை, பனிப்போரின் முடிவு ஆகிய பலவும் சேர்ந்தே அம்மாற்றத்தை விளைத்தன. தடை அவற்றிற்குத் துணை நின்றது. அதுவே அதன் அளவு. அதுவே அதன் பெருமையும்.

தடையினால் வேலையிழப்பவர் ஏழைக் கறுப்பர்தாமே என்று அன்றே பலர் வினவினர். இன ஒதுக்கலைச் சட்டமன்றத்தில் தனியொருவராய் நின்று எதிர்த்த ஹெலன் சுஸ்மன் அம்மையாரும் முழுத் தடையை ஏற்கவில்லை. அவ்வினா நேர்மையானது, புறந்தள்ளத்தக்கதன்று. அதற்கு விடை கூறும் உரிமை வெளியாருக்கு இல்லை. லுதூலியும், பேராயர் டூட்டுவும், தொழிற்சங்கத்தாரும், ‘நாங்கள் ஏற்கெனவே துன்பப்படுகிறோம், பயனுள்ள துன்பத்தை ஏற்கிறோம்’ என்னும் கருத்துப்படப் பேசினார்கள். தடையை நீக்கும் காலத்தையும் அம்மக்களின் தலைவரே குறித்தார். விடுதலையான பின்னும் தடை தொடரவேண்டும் என்று கேட்ட மண்டேலா, 1993 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, இனி நீக்கலாம் என்றார். அவ்வாண்டே இந்தியாவும் உறவைப் புதுப்பித்தது.

இதற்கு நேர்மாறானது இராக். குவைத்தைக் கவர்ந்த சதாம் உசேனின் அரசின்மேல் 1990 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடை, உலகம் கண்ட தடைகளுள் மிக முழுமையானது. அதில் ஓட்டை குறைவு. நாடுகளின் ஒற்றுமை மிகுதி. ஆயினும் ஆட்சி வீழவில்லை. மாறாக, அரிசியும் மாவும் அரசின் ரேஷன் வழியே வரவேண்டியிருந்ததால், குடிமக்கள் தம் அன்றாட உணவுக்கு அந்த ஆட்சியையே முன்னிலும் மிகுதியாக நம்பியிருக்க நேர்ந்தது. நடுத்தரக் குடும்பங்கள் தம் வீட்டுப் பொருள்களை விற்றுண்டன. மருத்துவமனைகளும் குடிநீர் நிலையங்களும் சீரழிந்தன. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பற்றி அன்று பரப்பப்பட்ட கணக்குகள் சில பொய்யானவை என்று பின்னர்த் தெரிந்தது. ஆனால் மக்கள் பட்ட துயரம் பொய்யன்று. எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் 1996 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தை நடத்திய ஐக்கிய நாடுகள் அதிகாரி டெனிஸ் ஹாலிடே, இதற்கு உடன்பட மனமின்றி 1998 இல் பதவி விலகினார். சதாமின் ஆட்சி முடிந்தது 2003 ஆம் ஆண்டுப் படையெடுப்பினால், தடையினால் அன்று.

வேறுபாடு எங்கே இருக்கிறது? தென்னாப்பிரிக்காவில் வெளியே தடை இருந்தது; உள்ளே அமைப்பாகத் திரண்ட மக்கள் இருந்தனர். இராக்கில் வாய் திறந்து கேட்பதற்கும் தெருவில் நிற்பதற்கும் அமைப்பு எதுவும் மிஞ்சவில்லை. பசித்தவன் கிளர்ந்தெழுவான் என்று வெளியிலிருப்போர் எண்ணினர். பசித்தவன் முதலில் ரேஷன் வரிசையில்தான் நிற்கிறான்.

அறிஞர்களின் கணக்கும் இதனோடு ஒத்திருக்கிறது. ஹஃப்பவர் முதலிய அமெரிக்கப் பொருளியலார் 20 ஆம் நூற்றாண்டின் 174 தடைகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஓரளவேனும் பயன் தந்தன என்றனர். சிறிய கோரிக்கையாயின் வெற்றி வாய்ப்பு மிகுதி. மக்களாட்சி நாட்டினும் சர்வாதிகார நாட்டில் அது குறைவு என்றும் கண்டனர். அவர்களுடைய முந்திய பதிப்பு வெற்றி என்று குறித்த நாற்பதில் ஐந்துதான் உண்மையான வெற்றி என்று ராபர்ட் பேப் என்னும் அறிஞர் 1997 இல் வாதிட்டார்.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. 2022 இல் உக்ரேனின்மேல் படையெடுத்த ரஷ்யாவின் வைப்புத் தொகையில் ஏறத்தாழ 30,000 கோடி டாலரை மேலை நாடுகள் முடக்கின. 2023 இலும் 2024 இலும் போர் நிற்கவில்லை. ரஷ்ய எண்ணெய் வேறு கொள்வோரைத் தேடிக்கொண்டது. அவர்களுள் நாமும் இருந்தோம். போருக்கு முன் நம் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட அங்கிருந்து வரவில்லை. 2023 இல் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வந்தது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு எரிபொருள் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பது அரசின் கடமையே. அதனை நாம் குறைகூற வரவில்லை. 1946 இல் இழப்பை ஏற்ற நாடும் நாமே. 2022 இல் மலிவை நாடிய நாடும் நாமே. இரண்டையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், பிற நாடுகள் ஏன் தயங்குகின்றன என்பது நமக்கு விளங்கும்.

அன்பர்களே, நாம் கண்ட முடிவைச் சுருக்கிக் கூறுவோம். எந்த நாட்டின்மேல் தடை வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்போமாக. துன்பப்படப் போகும் மக்களே அதனை வேண்டுகிறார்களா? அது ஆள்வோரின் கருவூலத்தைத் தொடுகிறதா, அல்லது குழந்தையின் பாற்கிண்ணத்தை மட்டும் தொடுகிறதா? விதிப்பவர் தாமும் ஏதேனும் இழக்கிறாரா? எது செய்தால் தடை நீங்கும் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? நான்கிற்கும் ஆம் என்று விடை கிடைக்குமாயின், காலம் தாழ்ந்தாலும் பயன் விளையும் என்று நம்பலாம். கிடைக்காவிடின், அத்தடை விதிப்பவரின் மனநிறைவுக்கே உதவும், அடைபட்டிருப்போருக்கு உதவாது.

தன் மக்களை வருத்தும் அரசைக் கண்டு வெகுண்டெழுவது மனித இயல்பு. ஆனால் அவ்வெகுளியின் விலையை யாரோ ஒரு தொலைநாட்டுத் தாயின் தலையில் சுமத்திவிட்டு நாம் அமைதியாக உறங்குவது அறமன்று. விலையின் ஒரு பகுதியை நாமும் ஏற்பதே அறம். நேட்டால் தமிழரின் துயர் கேட்டு நம் முந்தைய தலைமுறை அதனை ஏற்றது. பயன் காண நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. அந்தப் பொறுமையையும் துணிவையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது இச்சங்கத்தின் பணிகளுள் ஒன்றாகுக.